சித்தி வரக்கூடாது

என்னைக் கடுகு என்று கூப்பிடுவார்கள். ஆள் சிறியவள், சட்டென்று பொரிந்துவிடுவேன், அதனால். பெயர் வைத்தவள் என் அக்கா. எனக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தில் அந்த வைரஸ் எவ்வளவு இருக்கிறது, எந்த மாத்திரைக்குக் கட்டுப்படும், எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிரிவு.

வகை என்றால் வெறும் எழுத்துதான். ஏ, பி, சி, டி என்று நீளும். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், ஆனால் நடையும் குணமும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. எங்கள் அறைக்கும் நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. அதில் ரத்தக் குழாய்களை வாங்க ஒரு சின்ன ஜன்னல். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் நான் உள்ளே இருந்து "இவருக்கு ஏ" என்று சொன்னதைக் கேட்ட ஒரு தையற்காரர், தனக்கு முதல் தரம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "உங்களுக்கு டியா? பரவாயில்லம்மா, அடுத்த தடவை நல்லா வரும்" என்று ஆறுதல் வேறு சொன்னார். இது எங்கள் டாக்டரம்மா காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த அறையில் எழுத்தை வாய்விட்டுச் சொல்லத் தடை.

தடை போட்டாலும் வேலை நடக்க வேண்டுமே. என்னோடு வேலை பார்ப்பவள் ஒருத்தி, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, நெட்டை என்று பெயர். அவள்தான் வழி கண்டுபிடித்தாள். ஏ என்றால் அத்தை. பி என்றால் பெரியம்மா. சி என்றால் சித்தி. டிக்கு எவ்வளவு யோசித்தும் உறவுமுறை கிடைக்காததால் டீச்சர். இரண்டு வகை கலந்து வந்தால் சம்பந்தி. அதற்குப் பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எங்கள் அறை ஒரு கல்யாண வீடு. "இன்னைக்குக் காலையிலேயே நாலு சித்தி வந்தாச்சு", "பெரியம்மாவைக் காணவே காணோமே", "அந்த சம்பந்தியை மறுபடியும் ஒரு தடவை பாருடி". கேட்கிறவர்கள் சிரித்துக்கொள்வார்கள். டாக்டரம்மாவுக்கு இது தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சித்திதான் அதிகம் வருவாள். எங்கள் அறைக்கு மட்டுமில்லை, உலகத்தில் இந்த வைரஸோடு இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இருப்பது சி வகைதான். ஆய்வுக்கூடத்துத் தட்டில் பெரியம்மாவோடு போட்டிக்கு விட்டால் சித்தி சோப்ளாங்கி, மெதுவாகத்தான் பெருகுவாள். ஆனால் ஊரெல்லாம் நிறைந்திருப்பவள் அவள்தான். ஏன் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

அக்கா நீச்சல் கற்றுக்கொடுப்பவள். கண்ணாடிக் கூரை போட்ட குளம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை குளத்தில் ஆள் இருக்காது. நான் சாப்பாட்டு டப்பாவோடு அங்கே போய்விடுவேன். தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் கை வாய்க்குப் போவது மறந்துவிடும். பேசினால் பேசியது இரண்டு முறை கேட்கும். மாமாவுக்கும் அங்கேதான் வேலை. அக்காவின் புருஷன். குளத்துத் தண்ணீரைக் குழாயில் பிடித்து, மருந்து சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்து எழுதிவைப்பார். "நாம ரெண்டு பேரும் ஒரே தொழில் கடுகு. நீ ரத்தத்தைப் பார்க்கறே, நான் தண்ணியைப் பார்க்கறேன்" என்பார். அதிர்ந்து பேசமாட்டார். அக்காவுக்கு அந்தக் குணம்தான் பிடித்துப்போனது.

அப்படி ஒரு மதியத்தில்தான் அக்கா அதைச் சொன்னாள். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பம். கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கர்ப்பத்துக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல. அதுல இருக்குன்னு வந்திருக்கு."

"எது?"

"நீ தினமும் பார்க்கறியே, அது."

சாப்பாட்டு டப்பாவை மூடிக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவனை விரும்பினாள், எனக்குத் தெரியும். அவன் உடம்புக்கு முடியாமல் செத்துப்போனதை வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டோம். அவ்வளவுதான் கதை. மாமாவுக்குச் சோதித்துவிட்டார்கள், அவருக்கு இல்லை. மாமா கேட்ட ஒரே கேள்வி, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது.

"பிள்ளைக்கு வராம பார்த்துக்கலாம்னு சொல்றாங்க. நிஜமாடி?" என்றாள்.

"நிஜம்தான். மாத்திரை ஒழுங்கா போட்டா நூத்துல ஒண்ணுக்கும் கீழ" என்றேன். இது நான் தினமும் பெஞ்சுப் பக்கம் சொல்கிற வாக்கியம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்குச் சொன்னபோது அந்தக் குளத்துக் கூடம் அதைத் திருப்பிச் சொல்லியது. கேட்டதும் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மறு வாரம் அவள் ரத்தம் எங்கள் அறைக்கு வந்தது. குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அக்கா சீட்டைக் காட்டியிருந்ததால் எண் எனக்கு மனப்பாடம். சொந்தக்காரர் ரத்தம் வந்தால் ஒதுங்கிவிட வேண்டும் என்பது விதி. ஒதுங்கிக்கொண்டேன், கையை மட்டும். கண் எங்கே ஒதுங்கியது? நெட்டை வேலையை முடிக்கிற வரை அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். திரையில் அந்த வைரஸின் மரபணு வரிசை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று சின்னச் சின்னக் குன்றுகளாக ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நகர்ந்தது. ரொம்ப அழகாக இருந்தது. அது எனக்கு எரிச்சலாக வந்தது.

"இதுவும் சித்திதான்" என்றாள் நெட்டை. திரும்பி என் முகத்தைப் பார்த்தவள் எழுந்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அத்தையோ டீச்சரோ வந்திருந்தால் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன். நான் ஒரு கட்டுரை படித்திருந்தேன். சி வகை உள்ள தாய்மாரிடம், பிறப்பதற்கு முன்பே, வயிற்றுக்குள்ளேயே குழந்தைக்குப் போய்விடுவது மற்ற வகைகளைவிட அதிகமாக இருந்ததாக அதில் எழுதியிருந்தது. படிக்கும்போது அது ஒரு அட்டவணை, பக்கத்தில் நான்கு கட்டம். இப்போது அந்தக் கட்டத்துக்குள் என் அக்கா காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை இல்லாமல் முதல் ஐந்து மாதம் கழிந்துவிட்டதே என்று அதையே போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவிடம் போய், யாருக்காகவோ கேட்பது போலக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு ஆய்வுல ஏ வகை, டியை விட தம்பதிக்குள்ள சுலபமா பரவுதுன்னு வந்தது. இன்னொண்ணுல சி வகை வயித்துலயே போறது அதிகம்னு வந்தது. வேற சிலதுல வித்தியாசமே தெரியல. அதுல பாதி, மாத்திரை இல்லாத அம்மாக்களை வச்சுப் பண்ணது. நீ எழுத்தைப் பார்க்காதே, எண்ணிக்கையைப் பாரு. ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்கு, அது எவ்வளவு சீக்கிரம் இறங்குது, அதுதான் பெருசு. யாருக்கு?"

"சும்மாதான் டாக்டர்" என்று மென்று விழுங்கினேன்.

"சும்மான்னா சரி" என்றார். நம்பவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

எண்ணிக்கை இறங்கத்தான் செய்தது. ஒரே மாதத்தில் மளமளவென்று. எட்டாம் மாதத்தில் எங்கள் கருவியால் காண முடியாத அளவு. அக்காவுக்கு அந்தத் தாளை மாமா படித்துக்காட்டினார். "என்ன வகைன்னு ஏதாவது உண்டாமே, எனக்கு என்ன வகை?" என்று அவள் கேட்டாள். "அதெல்லாம் பார்க்கறதில்ல" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். சொல்லியிருந்தால் அவளும் அந்தக் கட்டுரைக்குள் குடிபோயிருப்பாள். ஒருத்தி போதாதா?

அந்த நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், கண் செருகிவிடும். ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. குளம்தான், ஆனால் சுவர்கள் இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக, மேலும் கீழும் அதுவே. நடுவில் ஒரு சின்ன அறை மிதந்துகொண்டிருக்கும், அதற்குள் விளக்கு எரியும். கதவுக்கு வெளியே ஒரு பெண் நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்பாள். யாரையோ பார்க்க வந்தவள். அவசரமே படமாட்டாள். நான் நீந்தி அவளைப் பிடிக்கப் போவேன், எனக்கு நீச்சல் தெரியாது என்பது பாதியில் ஞாபகம் வரும். அக்கா நீச்சல் கற்றுக்கொடுப்பவள், தங்கைக்கு மிதக்கக்கூடத் தெரியாது. கடைசியில் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள். முகம் என்னுடையதாக இருக்கும். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போயிருக்கும்.

பிறக்கப்போகிற பிள்ளைக்கு நான்தானே சித்தி. படித்தவள், பரிசோதனைக் கூடத்துக்காரி, ஒரு வார்த்தைக்குப் பயந்தேன். ஆமாம், பயந்தேன்தான். அக்கா ஒருநாள் "உதைக்குது பாரு" என்று என் கையை இழுத்து வயிற்றில் வைக்கப் போனாள். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருக்கிறது என்று சாக்குச் சொன்னேன். அது கொளுத்துகிற வெயில் நாள்.

எட்டாம் மாதக் கடைசியில் ஒரு விடுமுறை மதியம் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். துண்டுகளைத் துவைத்து பால்கனியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நெட்டை போன் செய்தாள். சித்தியைப் பற்றி அவள் புதிதாக ஏதோ படித்திருந்தாள், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தாள். எனக்கு ஆறுதல் சொன்னால் கோபம் வரும்.

"நீ ஆயிரம் சொல்லு. சித்தி அந்தக் குழந்தைகிட்ட வரவே கூடாது. கிட்டயே நெருங்கக் கூடாது. அத்தையா இருந்தாக்கூடத் தேவலைன்னு விட்டிருப்பேன். சித்தி மட்டும் வேணவே வேணாம்" என்று பொரிந்தேன்.

பின்னால் திரைச்சீலை அசைந்தது. காற்று என்று நினைத்து அடுத்த துண்டை உதறினேன்.

மறுநாளிலிருந்து அக்கா மாறிப்போனாள். நான் போன் செய்தால் மாமா எடுப்பார், "அவ குளிக்கறா" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள், நீச்சல்காரியே ஆனாலும்? நேரில் போனால் கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். விருந்தாளிக்கு வைப்பது போல் தட்டு வைத்தாள். நான் செய்த குற்றம் என்ன என்று தெரியாமல் எனக்கும் மூக்கு மேல் கோபம் ஏறியது. "உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகல. உனக்கு எதுக்குச் சிரமம், நீ வரவேணாம்" என்றாள். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. சரி, போ என்று நானும் விறைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் பணிந்துபோகத் தெரியாது.

பிள்ளை பிறந்த செய்தி எனக்கு மாமாவின் ஒரு வரிக் குறுஞ்செய்தியாக வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டு வாசலில் மாமாவின் அக்கா, பிள்ளைக்கு அத்தை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "அவ தூங்கறா, யாரையும் விடவேணாம்னு சொல்லியிருக்காம்மா" என்றாள் பாவமாக. கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெள்ளைப் பொட்டலம் மட்டும் தெரிந்தது. நான் வாங்கிப்போன சின்னச் சட்டையை அத்தையின் கையில் திணித்துவிட்டு வந்தேன். பிறந்த அன்றைய ரத்தத்தை நெட்டை பார்த்தாள். இல்லை என்று வந்தது. ஆனாலும் பிறப்புக்கு முன்னும் பின்னும் புதிதாக ஒட்டியது முதல் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆறாவது வாரச் சோதனையைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்.

ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் பிள்ளைக்கு தினமும் மருந்துத் துளிகள் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எந்தக் குப்பி, எத்தனை மில்லி என்பது வரை தெரியும். பிள்ளையின் முகம் மட்டும் தெரியாது. கண்ணை மூடினால் பழைய கனவு. ஆனால் அந்தப் புடவைக்காரி இப்போது கதவை நோக்கி நிற்கவில்லை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

ஆறாம் வாரத்தில் ஒரு காலை, ஜன்னலில் எண் எழுதிய சீட்டு நீண்டது. பிறகு ஒரு கால் நீண்டது. என் சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், இளஞ்சிவப்பு, விரல்களை விரித்துக் குவித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு நாங்கள் அப்படித்தான் எடுப்போம். தூக்கி வந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அணைத்துக்கொள்ள, குதிகால் மட்டும் எங்கள் பக்கம் வரும். எண்ணைப் பார்த்தேன். குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா.

விதிப்படி நெட்டையைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் டீ குடிக்கப் போயிருந்தாள். அது சாக்கு. நான் கூப்பிட விரும்பவில்லை. வெதுவெதுப்பான துணியால் அந்தக் குதிகாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் கீழே இறங்க மூன்று நிமிடம் அப்படிப் பிடிக்க வேண்டும். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடம் இருந்ததில்லை. குதிகாலின் ஓரத்தில் குத்தினேன். வீறிட்டாள். முதல் சொட்டைத் துடைத்தேன். ரத்தச் சொட்டுகளை உலர வைக்கும் காகித அட்டையில் ஐந்து வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு சொட்டு, அட்டையில் தோல் படாமல். ஐந்தாவது வட்டத்துக்கு வரும்போது வட்டமே தெரியவில்லை, கண்ணில் அவ்வளவு தண்ணீர்.

"மாமா, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று ஜன்னலுக்குள் கேட்டேன்.

அவர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, வழக்கம்போல் மெதுவாகச் சொன்னார்: "நீதானே கடுகு சொன்னே, சித்தி குழந்தைகிட்ட வரவே கூடாதுன்னு. அத்தைன்னாக்கூடத் தேவலைன்னு. அவ திரைக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கா. அதான் எங்க அக்காவை வரச் சொன்னோம்."

ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, அசிங்கமான சிரிப்பு. பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அட்டையை உலர வைத்துவிட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதேன். டீ குடித்துவிட்டு வந்த நெட்டை என்னைத் தாண்டிக் கால் வைக்கப் பார்த்துத் தடுக்கி விழுந்தாள்.

நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன். யார் ரத்தம், யார் எடுத்தது, எல்லாவற்றையும். அவர் என்னைத் திட்டவேண்டிய அளவு திட்டினார். அட்டையை நெட்டையிடம் ஒப்படைத்து, இரண்டு நாள் என்னை அறைப் பக்கமே வரக்கூடாது என்றார்.

மதியம் குளத்துக்குப் போனேன். மாமா பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மோட்டார் அறைக்குப் போயிருந்தார். அக்கா கரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை தூங்கியது. கூரையில் வெளிச்சம் நெளிந்தது. நான் தள்ளியே நின்று, உறவுமுறைக் கதை முழுவதையும் சொன்னேன். தையற்காரர், அத்தை, பெரியம்மா, டீச்சர். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ என் உடம்புல இருக்கறது சித்தி."

"ஆமா."

"அது உனக்கு அஞ்சு மாசமாத் தெரியும். நான் கேட்டப்போ பார்க்கறதில்லன்னு சொன்னே."

"ஆமாக்கா."

அவள் பிள்ளையின் தலையைத் தடவினாள். "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்றே. சரி. போன்ல பேசினது தப்பாப் புரிஞ்சுதுதான். ஆனா நீ என் வயித்துல ஒரு தடவையாவது கை வச்சியா? அஞ்சு மாசமா என்னைப் பார்க்கறப்பெல்லாம் என் மூஞ்சியையாடி பார்த்தே? அவளைத்தானே பார்த்தே."

கூடம் அதைத் திருப்பிச் சொல்லியது. அவளைத்தானே பார்த்தே. அவள் கேட்ட சொல் தப்பு, அதில் அவள் பிடித்துக்கொண்ட விஷயம் சரி. பெஞ்சில் உட்காருகிற ஆயிரம் பேரிடம், தொட்டால் வராது, கட்டிப்பிடியுங்கள் என்று சொல்பவள் நான். என் சொந்த அக்காவை ஒரு எழுத்தாகப் பார்த்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதை அப்படியே சொன்னேன்.

"பயந்துட்டேன்க்கா. அவ்வளவுதான். உன்னைப் பார்த்து இல்ல. அந்தப் பேரு என் பேரா இருந்தது, அதான்."

அவள் பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "எனக்கு வராத பயமா உனக்கு வந்துடுச்சு?" என்றாள். "மாத்திரை முழுங்கும்போதெல்லாம் பயந்தேன். அப்பவும் உதைக்கிறப்போ சந்தோஷமா இருந்தது. ரெண்டும் சேர்ந்துதான் இருந்தது. நீ ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டே."

"இப்ப தூக்கட்டுமா?"

"ரிசல்ட் வரட்டும்."

"ரிசல்ட் எதுவா இருந்தாலும் தூக்கலாம்க்கா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அது எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்" என்றாள். ஆனாலும் பிள்ளையைத் தரவில்லை. பக்கத்தில் உட்கார இடம் மட்டும் விட்டாள். நானும் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டேன்.

இரண்டு நாளும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். பிள்ளை விழித்திருந்தால் கூரையில் ஓடும் வெளிச்சத்தைக் கண்ணால் பின்தொடரும். யாரைப் போல என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாமா குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மூன்று பேரும் அந்த நிறம் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்போம், அதில்தான் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

மூன்றாம் நாள் மதியம் அக்காவின் போன் அடித்தது. டாக்டரம்மா. "ஸ்பீக்கர்ல போடறேன். இனிமே ஒளிஞ்சு நின்னு யாரும் எதுவும் கேக்கவேணாம்" என்றாள். மாமா மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் அடங்குகிற சத்தம் மட்டும் இருந்தது.

"ஆறாவது வாரப் பரிசோதனையில் வைரஸ் கண்டறியப்படவில்லை" என்றார் டாக்டரம்மா, தாளைப் பார்த்துப் படிக்கிற குரலில். "இன்னும் சில சோதனை இருக்கு, ஒண்ணரை வயசு வரைக்கும் பார்ப்போம். நீங்க மாத்திரையை விடாதீங்க. ஆனா இது ரொம்ப நல்ல செய்திம்மா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார், ஈரத்தில்.

"டாக்டர்" என்றாள் அக்கா. "கண்டறியப்படவில்லைன்னா எனக்குப் பாதிதான் புரியுது. உங்க ரூம்ல பேசிக்கிற மாதிரி சொல்லுங்களேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சித்தி வரலம்மா" என்றார். "பாப்பாகிட்ட சித்தி வரவே இல்ல."

பின்னால் நெட்டையின் குரல் ஏதோ கத்தியது, போன் வைக்கப்பட்டது. கூடம் அந்தக் கடைசி வார்த்தைகளை மெதுவாகத் திருப்பிச் சொல்லி முடித்தது. அக்கா பிள்ளையை இரண்டு கையாலும் எடுத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, என் மடியில் வைத்தாள். நான் நினைத்ததைவிட கனமாக இருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு என்ன தெரியும்" என்றாள் அக்கா, பிள்ளையின் காதருகே குனிந்து. "இங்க பாரு. சித்தி வந்துட்டா."